ஆங்கிலச் சொற்றொடர்களில் செய்வினையும் செயப்பாட்டுவினையும்

செய்வினை, செயப்பாட்டுவினை என்பன ஆங்கில இலக்கணத்தில் ஒரு செயலுக்கும் சொற்றொடரின் எழுவாய்க்கும் இடையேயுள்ள உறவைக் காட்டும் இரு வினை வடிவங்கள் ஆகும். செயலைச் செய்தவர் எழுவாயாக வந்தால் அது செய்வினை. செயலுக்கு உள்ளானவர் அல்லது உள்ளான பொருள் எழுவாயாக வந்தால் அது செயப்பாட்டுவினை. பள்ளிகளில் இவை ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் என்ற ஆங்கிலப் பெயர்களாலேயே பெரிதும் அறியப்படுகின்றன. தமிழ்நாட்டு மாணவர்கள் இவற்றை முதலில் சந்திப்பது, ஒன்றை மற்றொன்றாக மாற்றி எழுதும் தேர்வு வினாவாகத்தான். ஆனால் இவ்விரண்டின் வேறுபாடு சொல்வரிசை மாற்றத்தோடு முடிந்துவிடுவதில்லை. செய்தவர் பெயரை முன்னால் வைப்பதா, பின்னால் தள்ளுவதா, சொல்லாமலே விடுவதா என்ற தேர்வும் இதில் அடங்கியுள்ளது.

இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பழனி மலைத்தொடரையும் அதன்மேல் அமைந்துள்ள கொடைக்கானல் நகரையும் பற்றியவை. அந்நகரின் 19ஆம் நூற்றாண்டு வரலாறு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது என்பது இதற்கு ஒரு காரணம். திராவிட மொழிகளில் உண்மையான செயப்பாட்டுவினை இல்லை என்று எழுதிய இராபர்ட் கால்டுவெல் தம் கடைசி மாதங்களைக் கழித்து 1891இல் காலமானதும் கொடைக்கானலிலேயே. ஆங்கிலச் சொற்றொடர்கள் இங்குத் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன.

பெயர்

ஆங்கிலத்தில் வினையின் இவ்வகைப் பாகுபாட்டைக் குறிக்கும் சொல்லுக்குக் 'குரல்' என்பது நேர்ப்பொருள். இலத்தீன் இலக்கண நூல்களிலிருந்து அது ஆங்கிலத்துக்கு வந்தது. பாசிவ் என்பது 'துன்புறுதல், தாங்குதல்' என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. தமிழில் செயப்பாட்டுவினையை ஆக்கும் 'படு' என்னும் துணைவினைக்கும் துன்பப்படு, அல்லற்படு என்பவற்றில் ஏறத்தாழ அதே பொருள் உள்ளது. தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே உருவகத்தை வந்தடைந்திருப்பது கருதத்தக்கது.

அமைப்பு

ஆங்கிலச் செயப்பாட்டுவினை 'பீ' என்னும் வினையின் ஏற்ற வடிவத்தோடு (ஈஸ், ஆர், வாஸ், வேர், பீன், பீயிங்) முதன்மை வினையின் மூன்றாம் வடிவத்தைச் சேர்த்து ஆக்கப்படுகிறது. செய்தவரைக் குறிப்பிட வேண்டுமானால் 'பை' என்னும் முன்னிடைச்சொல்லோடு இறுதியில் சேர்க்கலாம்.

செய்வினை: லெவிஞ்ச் மேட் த லேக். (லெவிஞ்ச் ஏரியை அமைத்தார்.)

செயப்பாட்டுவினை: த லேக் வாஸ் மேட் பை லெவிஞ்ச். (ஏரி லெவிஞ்சால் அமைக்கப்பட்டது.)

இங்கே செய்வினையின் செயப்படுபொருளான ஏரி, செயப்பாட்டுவினையில் எழுவாய் ஆகிறது. வினை இனி ஏரியோடு எண்ணில் ஒத்துச் செல்லும். காலத்தைக் காட்டும் பொறுப்பு 'மேட்' என்பதிலிருந்து 'வாஸ்' என்பதற்கு மாறுகிறது. மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். மூன்றாம் வடிவம் எக்காலத்திலும் மாறாது. மாறுவது துணைவினை மட்டுமே.

பள்ளி இலக்கணங்கள் எட்டுக் காலங்களுக்குச் செயப்பாட்டு வடிவம் தருகின்றன. நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் ஆகிய மூன்றின் எளிய வடிவங்கள், முதல் இரண்டின் தொடர் வடிவங்கள், மூன்றின் முற்று வடிவங்கள் என்பன அவை. எஞ்சியவற்றுக்கும் ஆக்க இயலும் என்றாலும், 'பீன் பீயிங்' என்று துணைவினைகள் அடுக்கி வருவதால் அவற்றை எவரும் விரும்பி எழுதுவதில்லை. பேச்சு வழக்கில் 'பீ' இருக்க வேண்டிய இடத்தில் 'கெட்' வருவதும் உண்டு. பேருந்து மலைப்பாதையில் சிக்கிக்கொண்டால் 'த பஸ் காட் ஸ்டக்' என்பர். இவ்வடிவம் எதிர்பாராமல் நேர்ந்தவற்றுக்கும் தீங்குகளுக்கும் மிகுதியாகப் பயன்படுகிறது.

செயப்படுபொருள் குன்றிய வினைகளுக்குச் செயப்பாட்டு வடிவம் இல்லை. குறிஞ்சி பூத்தது என்பதை அவ்வாறு மாற்ற முடியாது. பழனி மலையில் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. யாரும் அதைப் பூக்கவைக்கவில்லை. செயப்படுபொருள் ஏற்கும் வினைகளிலும் சில மறுக்கும். உடைமை, ஒப்புமை, விலை ஆகியவற்றைக் காட்டும் ஹேவ், ரிசெம்பிள், காஸ்ட் போன்றவை அத்தகையன. ஒரு கிலோ மலைப்பூண்டு இன்ன விலை என்று சொல்லும் தொடரில் தொகை செயப்படுபொருள் போலத் தோன்றினாலும், அதை எழுவாயாக்கினால் ஆங்கிலம் ஆகாது.

ஏவல் தொடர்களுக்குப் பாடநூல்கள் தரும் வடிவம் தனிக் கதை. கதவைத் திற என்பதற்கு 'லெட் த டோர் பீ ஓபன்ட்' என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் எவரும் அவ்வாறு கதவைத் திறக்கச் சொல்வதில்லை. மரபுவழித் தேர்வுகளில் மட்டும் வாழும் வடிவம் இது எனலாம்.

தொடர்வினையின் வரலாறு

'த ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்' (வீடு கட்டப்பட்டுக் கொண்டிருக்கிறது) என்பது இன்று இயல்பான ஆங்கிலம். ஆனால் இது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் எழுத்தில் தோன்றியது. அதற்கு முன்னர் 'த ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே எழுதினர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் வீடு தானே கட்டுகிறது என்று பொருள்படும் தொடர் இது. 19ஆம் நூற்றாண்டு முழுவதும் இலக்கண ஆசிரியர் சிலர் புதிய வடிவத்தை அருவருப்பானது என்று எதிர்த்தனர். அமெரிக்க மதுரை மிசன் ஊழியர்கள் 1845இல் கொடைக்கானலில் முதல் இரு குடில்களைக் கட்டிய காலத்தில், இரண்டு வடிவங்களும் ஆங்கிலத்தில் அருகருகே வழங்கி வந்தன. பழைய வழக்கின் எச்சத்தைத் திரையரங்குகளின் 'நவ் ஷோயிங்' அறிவிப்பில் இன்றும் காணலாம். தமிழிலும் படம் ஓட்டப்படுகிறது என்று சொல்வதில்லை, படம் ஓடுகிறது.

செய்தவர் பெயர்

ஆங்கிலச் செயப்பாட்டுத் தொடர்களில் பெரும்பாலானவற்றில் 'பை' பகுதி இருப்பதில்லை. செய்தவர் தெரியாதவராகவோ, தெரிந்தவராதலால் சொல்லத் தேவையற்றவராகவோ, சொல்ல விரும்பப்படாதவராகவோ இருக்கலாம். தொடரின் வடிவம் இம்மூன்றையும் பிரித்துக் காட்டாது என்பதே இவ்வமைப்பின் பயனும் இடரும் ஆகும்.

'பை' பகுதி இருக்கும்போது அது சொற்றொடரின் இறுதியில் வருகிறது. ஆங்கிலத்தில் புதிய செய்தி இறுதியை நாடும் இயல்புடையது. கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலைப் பற்றி 'த டெம்பிள் வாஸ் பில்ட் இன் 1936 பை லேடி ராமநாதன்' என்று எழுதினால், படிப்பவர் ஏற்கெனவே அறிந்த கோயில் முதலிலும், எதிர்பாராத பெயர் கடைசியிலும் வருகின்றன. முருகனுக்கு இம்மலையில் கோயில் எழுப்பியவர், இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து சைவத்தைத் தழுவிய மேலை நாட்டுப் பெண்மணி என்பதே அங்குச் செய்தி. இதைச் செய்வினையில் எழுதினால் வியப்பு முதலிலேயே வெளிப்பட்டுத் தொடர் சப்பென்று முடியும். செயப்பாட்டுவினை எப்போதும் வலுக்குறைந்தது என்று கூறுவோர் இவ்வகைத் தொடர்களைக் கருதுவதில்லை.

ஏரியின் தொடர் வேறொரு சிக்கலைக் காட்டுகிறது. மதுரை ஆட்சியராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863இல் கொடைக்கானல் ஏரியை அமைத்தார் என்று எல்லா வழிகாட்டி நூல்களும் கூறுகின்றன. செய்வினையானாலும் செயப்பாட்டுவினையானாலும் ஆங்கிலத் தொடர் அவரையே செய்தவராகக் காட்டுகிறது. கரையை எழுப்ப மண் சுமந்தவர்கள் இரண்டு வடிவங்களிலும் இல்லை. செய்வினையில் எழுதினால் உண்மை முழுவதும் வெளிவந்துவிடும் என்ற பரவலான நம்பிக்கைக்கு இது ஒரு மறுப்பாகும். தமிழில் இவ்விடத்தில் பிறவினை உதவுகிறது. வெட்டினான், வெட்டுவித்தான், கட்டினான், கட்டுவித்தான் என்று செய்தவரையும் செய்யச் சொன்னவரையும் வினையின் உருவமே பிரித்துவிடும். கோயில்களையும் குளங்களையும் பற்றிய பழைய கல்வெட்டுகளில் இவ்வடிவங்கள் மிகுதி. ஆங்கிலத்தில் 'ஹேட் த லேக் மேட்' என்று சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்றாலும் பொதுவாக எவரும் அவ்வாறு எழுதுவதில்லை.

இதனினும் கூர்ந்து நோக்க வேண்டியது 'கொடைக்கானல் வாஸ் ஃபவுண்டட் இன் 1845' என்னும் தொடர். யாரால் என்ற கேள்விக்கு அமெரிக்க மிசன் ஊழியர்கள் என்று விடை கூறலாம். படைத்துறை அளவையாளரான வார்டு 1821இலேயே இங்கு வந்து நில அளவை செய்துள்ளார். ஆனால் இம்மலைகளில் பளியர், புலையர், குன்னுவர் ஆகிய மக்கள் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே வாழ்ந்து வந்தனர். பழனி மலையின் கற்பதுக்கைகளைப் பற்றி இயேசு சபையினரான ஆங்கிலேடு, நியூட்டன் ஆகியோர் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. அக்கற்பதுக்கைகள் இங்குள்ள மனித வாழ்வின் தொன்மையைக் காட்டுகின்றன. நிறுவப்பட்டது, கண்டறியப்பட்டது என்னும் சொற்கள் செய்தவரை மட்டும் மறைக்கவில்லை; அதற்கு முன் அங்கே யாருமில்லை என்ற எண்ணத்தையும் உண்டாக்கிவிடுகின்றன. கோடை மலைவாழிடமாகிய நகர் 1845இல் தொடங்கியது என்று வரையறுத்து எழுதுவதே பொருத்தம்.

அறிவியல் எழுத்தில்

17ஆம் நூற்றாண்டின் ஆங்கில அறிவியல் எழுத்து பெரும்பாலும் தன்மை இடத்தில் அமைந்தது. நான் கண்டேன், நான் அளந்தேன் என்று ஆய்வாளர் எழுதினார். 19, 20ஆம் நூற்றாண்டுகளில் 'அளக்கப்பட்டது', 'நோக்கப்பட்டது' என்ற ஆளற்ற நடை மேலோங்கியது. யார் செய்தாலும் அதே முடிவு வர வேண்டும் என்பது அதன் பின்னுள்ள கருத்து. இன்று நேச்சர் போன்ற இதழ்கள் செய்வினையையே பரிந்துரைக்கின்றன.

கொடைக்கானல் கதிரவ ஆய்வகம் இந்நடைக்கு நல்ல களம். சென்னையிலிருந்த ஆய்வகத்தின் பணிகள் 1899இல் இம்மலைக்கு மாற்றப்பட்டன. சூரியப் புள்ளிகளின் வெளிவிளிம்பை நோக்கி வளிமம் பாய்வதை 1909இல் இங்கு ஜான் எவர்செட் கண்டறிந்தார். அது எவர்செட் விளைவு எனப்படுகிறது. கண்டுபிடிப்பு பற்றிய தொடரில் 'பை' பகுதி தவறாமல் இடம்பெறும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கதிரவன் நாள்தோறும் ஒளிப்படம் எடுக்கப்பட்டு வந்துள்ளது என்ற தொடரில் அது இடம்பெறுவதில்லை. மேகம் விலகும் நேரம் பார்த்துக் காத்திருந்து, நூறாண்டுகளுக்கு மேலாக அத்தட்டுகளைப் பதிந்த உதவியாளர்கள் பலர். ஒரு பெயரை மட்டும் சொல்ல இயலாதபோது இலக்கணம் அனைவரையும் ஒருங்கே விட்டுவிடுகிறது. இங்கே செயப்பாட்டுவினை எழுதுவோரின் தீய நோக்கம் எதையும் காட்டவில்லை. பேசப்படும் பொருள் ஒளிப்படத் தொகுதியே. எனினும் விளைவு ஒன்றுதான்.

அறிவிப்புகளிலும் ஆணைகளிலும்

பொது அறிவிப்புகள் செயப்பாட்டுவினையின் இயல்பான இடம். உத்தரவிடுபவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும் அல்லது தெரிய வேண்டியதில்லை. குரங்குகளுக்கு உணவளிக்க வேண்டாம் என்பது இந்திய ஆங்கிலத்தில் 'விசிட்டர்ஸ் ஆர் ரெக்வெஸ்டட் நாட் டு ஃபீட் த மங்கீஸ்' என்றே பலகையில் ஏறும். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 'டூரிஸ்ட்ஸ் ஆர் ரெக்வயர்ட்' என்று தொடங்கும் அறிவிப்பில், கட்டாயப்படுத்துவது நீதிமன்றமா, மாவட்ட நிருவாகமா என்று எவரும் கேட்பதில்லை. பயணிக்கு வேண்டியது விதி மட்டுமே. இவ்விடத்தில் செய்வினையில் எழுதினால் தேவையற்ற ஒரு செய்தி முன்னால் வந்து நிற்கும்.

நடை பற்றிய கருத்து வேறுபாடு

ஆங்கில நடை வழிகாட்டிகள் 20ஆம் நூற்றாண்டில் செயப்பாட்டுவினையைத் தவிர்க்குமாறு வலியுறுத்தின. வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் எழுதி, பின்னர் ஈ. பி. வைட் திருத்தி 1959இல் வெளிவந்த கையேடும், ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய அரசியல் மொழி பற்றிய கட்டுரையும் இவற்றுள் புகழ்பெற்றவை. மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் இவ்வறிவுரையைக் கடுமையாக மறுத்துள்ளார். செயப்பாட்டுவினையைக் கண்டிப்போர் பலர் அதை அடையாளம் காணவே அறியார் என்றும், ஆர்வெலே அதனைத் தாராளமாகப் பயன்படுத்தியுள்ளார் என்றும் அவர் காட்டினார். 'பீ' வினை வரும் தொடரெல்லாம் செயப்பாட்டுவினை என்று கருதுவது பரவலான பிழை. 'தேர் வாஸ் எ லீக்' (ஒரு கசிவு இருந்தது) என்பது செயப்பாட்டுவினை அன்று. ஆனால் பொறுப்பாளரை அது முற்றாக மறைத்துவிடுகிறது.

மறைத்தல் பற்றிய இந்த வாதம் கொடைக்கானலில் வெறும் நடைச் சிக்கல் அன்று. பாண்ட்ஸ் நிறுவனம் அமெரிக்காவிலிருந்து இடம்பெயர்த்த வெப்பமானித் தொழிற்சாலை 1980களில் இங்கு இயங்கத் தொடங்கியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவுகள் நகரில் ஒரு பழைய பொருள் கிடங்கில் கிடப்பதை 2001இல் சூழல் ஆர்வலர்கள் வெளிப்படுத்தினர். அவ்வாண்டே ஆலை மூடப்பட்டது. பாதரசக் கழிவுகள் 2003இல் மறுசுழற்சிக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. முன்னாள் தொழிலாளர் 591 பேர் தொடர்பான உடன்பாடு 2016இல் ஏற்பட்டது.

இந்நிகழ்ச்சியை ஆங்கிலத்தில் பல வகையாகச் சொல்லலாம். 'மெர்க்குரி வேஸ்ட் வாஸ் ஃபவுண்ட்' என்றால் கழிவு காணப்பட்டது. கண்டவர் பெயர் இல்லை, போட்டவர் பேச்சே இல்லை. 'த வேஸ்ட் வாஸ் சோல்ட் டு எ ஸ்க்ராப் டீலர்' என்றால் வாங்கியவர் தொடருக்குள் வந்துவிட்டார்; விற்றவர் வரவில்லை. படிப்பவரின் கண் வாங்கிய கடைக்காரர்மேல் நிற்கும். 'த கம்பெனி சோல்ட் த வேஸ்ட்' என்றால்தான் விற்றவர் தொடருக்குள் வருகிறார். வழிமுறைகளை மீறிக் கழிவு விற்கப்பட்டதை நிறுவனமே ஒப்புக்கொண்டிருப்பதால், இம்மூன்றாம் தொடரை எழுதுவதில் சான்றுக் குறை எதுவும் இல்லை. செயப்பாட்டுவினையை நிறுவனங்கள் மட்டுமே நாடும் என்பதும் சரியன்று. 'வொர்க்கர்ஸ் வேர் எக்ஸ்போஸ்ட் டு மெர்க்குரி' (தொழிலாளர்கள் பாதரசத்துக்கு ஆட்படுத்தப்பட்டனர்) என்பதும் செயப்பாட்டுவினைதான். தொழிலாளரை எழுவாயாக்கி முன்னிறுத்துவது இதன் நோக்கம். முறையிடுவோர்க்கு ஏற்ற வடிவம் இது. எனவே ஒரு தொடரைப் படிக்கும்போது அது எந்த வடிவம் என்பதைவிட, விடப்பட்ட பெயர் எது, அது தேவையான பெயரா என்று நோக்குவது பயன் தரும். மேற்பத்தியில் ஆலை மூடப்பட்டது என்றிருப்பதையும் இவ்வாறே சோதிக்கலாம். மூடியது நிறுவனம், மூடச் செய்தது மக்கள் எதிர்ப்பு.

தமிழும் கால்டுவெலும்

இராபர்ட் கால்டுவெலின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் முதற்பதிப்பாகவும், 1875இல் திருத்திய இரண்டாம் பதிப்பாகவும் வெளிவந்தது. திராவிட வினைகளுக்கு உண்மையான செயப்பாட்டு வடிவம் கிடையாது என்றும், அப்பொருளைத் துணைவினைகளைக் கொண்டே அம்மொழிகள் உணர்த்துகின்றன என்றும் அதில் அவர் கூறினார். படு, உண் ஆகிய துணைவினைகளை அவர் எடுத்துக்காட்டினார். செயப்படுபொருள் குன்றிய வினையைக் கொண்டும், ஆயிற்று, போயிற்று போன்றவற்றைச் சேர்த்தும் அதே கருத்தைச் சொல்லும் வழக்கையும் விளக்கினார். கட்டுண்டான், உடைந்து போயிற்று, கட்டியாயிற்று என்பன அத்தகையன.

அவரது நோக்கு இலத்தீன், சமசுகிருதம் போன்ற மொழிகளை அளவுகோலாகக் கொண்டது. அவற்றில் வினையின் ஈறே செயப்பாட்டைக் காட்டும். அந்த அளவுகோலைக் கடுமையாகப் பிடித்தால், துணைவினையின்றி ஒரு செயப்பாட்டுத் தொடரையும் ஆக்க முடியாத ஆங்கிலமும் தேறாது. படு சேர்ந்த வடிவம் ஐரோப்பியர் வருகைக்குப் பின் தோன்றியது என்று சிலர் எண்ணுவதும் தவறு. திருக்குறளின் 50ஆம் குறள் 'வைக்கப்படும்' என்ற வினையோடு முடிகிறது. ஆயினும் கால்டுவெல் உற்றுக் கேட்ட செய்தி பொய்யன்று. பேச்சுத் தமிழ் இவ்வடிவத்தை அவ்வளவாக நாடுவதில்லை. வீட்டில் சோறு சமைக்கப்பட்டது என்று யாரும் சொல்வதில்லை; சோறு ஆகிவிட்டது, அல்லது சமைத்தாயிற்று.

செயப்படுபொருளையே செய்த பொருள்போலக் கூறுவதும் வழக்கில் உண்டு என்பதைத் தொல்காப்பியமே ஏற்றுள்ளது. யாரோ மெழுகிய திண்ணையைத் திண்ணையே மெழுகியதுபோலச் சொல்லும் வகை அது. மேலே கண்ட பழைய ஆங்கிலத்தின் 'ஹவுஸ் இஸ் பில்டிங்' இதற்கு நெருங்கிய உறவு.

கால்டுவெல் 1891 சனவரி இறுதியில் ஆயர் பணியிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஆகத்து 28 அன்று கொடைக்கானலில் இறந்தார். அவர் உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டுத் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கு அவர் கட்டிய கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது.

மொழிபெயர்ப்பில் நேரும் பிழைகள்

ஆங்கிலச் செயப்பாட்டுத் தொடர் ஒவ்வொன்றையும் 'ஆல்', 'படு' கொண்டு தமிழாக்குவது பாடநூல், செய்தித்தாள், அரசாணை ஆகியவற்றில் வேரூன்றிய பழக்கம். பல இடங்களில் அது பொருந்தும். சில இடங்களில் பொருளே மாறிவிடும்.

இரண்டு செயப்படுபொருள் ஏற்கும் வினைகளில் இவ்விடர் மிகுதி. ஆங்கிலத்தில் பொருளைப் பெற்றவரையும் எழுவாயாக்கலாம்: 'ஷீ வாஸ் கிவன் எ டிக்கெட்'. இதனை 'அவள் ஒரு சீட்டுக் கொடுக்கப்பட்டாள்' என்று எழுதினால் தமிழ் ஆகாது. அவளுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள் என்பதே தமிழ். அவ்வாறே 'ஐ வாஸ் டோல்ட்' என்பது நான் சொல்லப்பட்டேன் ஆகாது, என்னிடம் சொன்னார்கள். செய்தவர் யாரென்று குறிப்பிடாத ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் எழுவாய் தோன்றாப் பலர்பால் வினை பெரும்பாலும் நேராக அமைகிறது. 'ஹீ வாஸ் பார்ன்' வடிவத்தில் செயப்பாட்டுவினை. தமிழில் பிறந்தான் என்பதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

'ஆல்' உருபு கவனத்துக்குரியது. ஆங்கிலம் செய்தவரைப் 'பை' என்றும் கருவியை 'வித்' என்றும் பிரிக்கும். தமிழில் தச்சனால் செய்யப்பட்டது, உளியால் செதுக்கப்பட்டது, மண்சரிவால் பாதை அடைபட்டது என்று மூன்றுக்கும் 'ஆல்' ஒன்றே. எனவே ஆங்கிலத்துக்கு மாற்றும் மாணவர் உளிக்கும் 'பை' போட்டுவிடுகிறார். மறுபுறம், கண்ணாடி என்னால் உடைந்தது என்னும் தமிழ்த் தொடருக்குச் சரியான ஆங்கிலம் இல்லை. நான் காரணம், ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை என்று அது ஒரே மூச்சில் கூறுகிறது. 'இட் வாஸ் புரோக்கன் பை மீ' என்பதில் அந்த இரண்டாம் பாதி இல்லை.

'படு' என்பதில் துன்பச் சாயல் கேட்பதால், நல்லவற்றுக்குப் 'பெறு' சேர்க்கும் எழுத்தாளரும் உண்டு. விருது வழங்கப்பெற்றது, நூல் வெளியிடப்பெற்றது என்பர். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு கிடையாது. கைதானவருக்கும் பாராட்டப்பட்டவருக்கும் 'வாஸ்' ஒன்றே. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செல்லும்போது இச்சாயல் அழிவதைத் தடுக்க வழியில்லை. ஆங்கிலத்திலிருந்து வரும்போது எதைச் சேர்ப்பது என்பதை மொழிபெயர்ப்பாளரே முடிவு செய்ய வேண்டியுள்ளது.